முதலில் காது, அப்புறம்தான் கை

வீடியோ கேம் இசையை ரீமிக்ஸ் செய்கிறவர்களோடு பதினெட்டு வருடமாக இணையத்தில் சேர்ந்து இயங்கி வருகிறேன் என்று போன இதழில் ஒரு வரி எழுதினேன். அந்த ஒரு வரிக்கு ஒரு கட்டுக் கடிதங்கள். எல்லாவற்றுக்கும் பதில் எழுத இங்கே இடமில்லை. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்து, சிலவற்றுக்கு மட்டும் பதில் சொல்கிறேன். கேட்டவர்களின் பெயர்களை விட்டுவிட்டேன்.

அக்கா, ரீமிக்ஸ் என்றால் பழைய பாட்டுக்குப் பின்னால் தாளத்தைச் சேர்த்துச் சத்தமாக்குவதுதானே? அதற்காகவா இத்தனை பேர் வருடக்கணக்கில் உட்கார்ந்திருக்கிறீர்கள்?

அந்தச் சொல்தான் குழப்புகிறது. நடன அரங்கில் ரீமிக்ஸ் என்றால், பதிவான பாட்டை வெட்டி ஒட்டி அதன்மேல் தாளம் ஏற்றுவது. எங்கள் வேலை வேறு. கேமிலிருந்து நாங்கள் எடுப்பது மெட்டை மட்டும்தான். வாத்தியம், தாளம், வேகம், எது எப்போது வர வேண்டும் என்ற வரிசை எல்லாவற்றையும் புதிதாக யோசித்து, வாசித்து, பதிவு செய்வோம். மூலத்தின் ஒலியைத் தொடவே தொடாத ஆக்கங்கள் ஏராளம்.

இந்த வேலைக்கென்றே உள்ள கூட்டங்களில் நல்ல பெயர் பெற்றது ஓவர்கிளாக்டு ரீமிக்ஸ் என்ற இணையதளம். டேவிட் லாயிட் என்பவர் 1999-இல் தொடங்கினார். வந்து சேரும் ஆக்கங்களை நடுவர் குழு ஒன்று கேட்டு வாக்களிக்கும். மூல மெட்டு அடையாளம் தெரிய வேண்டும். அதே சமயம் அனுப்பியவரின் சொந்தக் கற்பனையும் கணிசமாக இருக்க வேண்டும். இப்படித் தேறியவை 4,000-க்கும் மேல். எல்லாமே இலவசமாகக் கேட்கக் கிடைக்கின்றன.

ஏன் வருடக்கணக்கில் என்றால், அந்த மெட்டுகள் நம்முள் இறங்கிய விதம் அப்படி. சினிமாப் பாட்டை நீங்கள் விரும்பித் திரும்பக் கேட்கிறீர்கள். கேம் இசையோ, ஒரு கட்டத்தைத் தாண்ட முடியாமல் நாற்பது முறை தோற்றபோது நாற்பது முறையும் கூடவே இருந்தது. ஒரு நிமிடமோ இரண்டு நிமிடமோ ஓடி, முடிந்த இடத்திலிருந்து மறுபடி தொடங்கும்படி எழுதப்பட்டது அது. அத்தனை முறை கேட்டும் சலிக்காத மெட்டு என்றால் அதற்குள் ஏதோ இருக்கிறது. அது என்ன என்று தேடுவதுதான் எங்கள் வேலை.

நான் கல்லூரி மாணவி. இசை முறையாகப் படித்ததில்லை. ஸ்வரக் குறிப்பு வாசிக்கத் தெரியாது. நானும் செய்ய முடியுமா? எங்கிருந்து தொடங்க வேண்டும்?

முடியும். நானும் படித்தவள் இல்லை. தொடங்க வேண்டியது காதிலிருந்து. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பெரும்பாலோர் வழி தவறுவது இந்த முதல் அடியில்தான். மென்பொருளை வாங்கி, ஆயிரம் ஒலிகளை இறக்கி வைத்து, எதைக் கேட்பது என்று தெரியாமல் உட்கார்ந்துவிடுவார்கள்.

1980-களின் நிண்டெண்டோ கேம் பெட்டியில் ஒலிக்கு ஐந்து சேனல்கள், அதாவது ஒரே நேரத்தில் ஒலிக்கக்கூடிய ஐந்து குரல்கள்தான். இரண்டு சதுர அலை, ஒரு முக்கோண அலை, இரைச்சலுக்கு ஒன்று, சின்னப் பதிவுத் துணுக்குகளுக்கு ஒன்று. அந்த கேம்களின் இசையை அப்படியே எடுத்து வைத்த கோப்புகள் உண்டு. அவற்றை இயக்கும் மென்பொருள்களில் எந்த சேனலை வேண்டுமானாலும் தனியே அணைத்துக் கேட்கலாம். இதை எனக்கு ஒருவர் சொல்லித்தந்த அன்று மாலை, சின்ன வயதிலிருந்து மனப்பாடமாக இருந்த ஒரு மெட்டைத் திறந்தேன். எல்லாவற்றையும் அணைத்துவிட்டு முக்கோண அலையை மட்டும் விட்டேன். பேஸ், அதாவது அடியில் ஓடும் தாழ்ந்த சுரங்கள், மட்டும் ஒலித்தது. அந்த சேனலுக்குச் சத்தத்தைக் கூட்டவோ குறைக்கவோ வழி கிடையாது. ஒலிக்கும், அல்லது நிற்கும். அதனால் அதை எழுதியவர், மென்மை வேண்டிய இடத்தில் சுரத்தைக் குட்டையாக வெட்டியிருந்தார். அழுத்தம் வேண்டிய இடத்தில் முழு நீளம் விட்டிருந்தார். இத்தனை வருடம் கேட்டும் எனக்கு இது தெரியாது.

அப்புறம் இரண்டாவது சதுர அலையைத் தனியாகத் திறந்தேன். ஏதோ துணை மெட்டு வாசிக்கும் என்று நினைத்தேன். முதல் அலை வாசித்த அதே மெட்டையே அது வாசித்தது, ஒரு நூல் தாமதமாக, சற்றுத் தணிந்த குரலில். எதிரொலி! அந்தச் சில்லில் எதிரொலி உண்டாக்கும் வசதி இல்லை. அதனால் ஒரு சேனலையே அதற்குக் கொடுத்திருக்கிறார்கள். ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன். நான் குகை என்று நினைத்திருந்த அந்த இடத்தின் ஆழம் முழுக்க அந்த ஒரு நூல் தாமதத்தில் இருந்தது.

அதனால் நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். பிடித்த மெட்டில் எட்டே எட்டு தாளவட்டம் எடுங்கள். முதலில் பேஸ். வாயால் முணுமுணுத்துப் பாருங்கள், பிறகு திரையில் உள்ள கட்டையில் அந்த இடத்தைத் தேடிப் பிடியுங்கள். பேஸ் முடிந்ததும் மெட்டு, கடைசியில் தாளம். எல்எம்எம்எஸ் போன்ற இலவச மென்பொருளே இதற்குப் போதும். பலர் இதே மெட்டுகளை மிடி கோப்பாக (எந்தச் சுரம் எப்போது வரும் என்று குறித்து வைக்கும் கோப்பு) எழுதி வைத்திருக்கிறார்கள். அதை விடைத்தாளாக வைத்துக்கொள்ளுங்கள், கணக்குப் போட்டு முடித்த பிறகு திறங்கள். எட்டு தாளவட்டத்துக்கு எனக்கு மூன்று வாரம் ஆனது. உங்களுக்கும் ஆகட்டும், அவசரமில்லை.

சூப்பர் நிண்டெண்டோ இசைக்குப் போவதென்றால் பொறுமை இன்னும் கொஞ்சம் வேண்டும். அங்கே எட்டுக் குரல்கள். வாத்திய ஒலிகள், பாட்டின் தரவு, எதிரொலிக்கான இடம் எல்லாம் 64 கிலோபைட்டுக்குள் அடங்கியாக வேண்டும். உங்கள் கைப்பேசியில் எடுத்த ஒரே ஒரு புகைப்படம் இதைப்போல் பல மடங்கு இருக்கும். அந்த இடத்துக்குள் மழையும் கடலும் செய்திருக்கிறார்கள்.

ஐந்து மாதம் உழைத்து ஒரு ரீமிக்ஸ் அனுப்பினேன். மூலத்துக்கு மிகவும் நெருக்கமாக இருக்கிறது என்று திருப்பிவிட்டார்கள். மூலத்தை மதிப்பது தவறா? மனம் விட்டுப்போய்விட்டது.

முதலில், ஐந்து மாதம் வீணாகவில்லை. அந்தக் கோப்பை அழித்துவிடாதீர்கள்.

என் முதல் ஆக்கமும் இதே காரணத்துக்காகத் திரும்பி வந்தது. சதுர அலை இருந்த இடத்தில் வயலின், முக்கோண அலை இருந்த இடத்தில் செல்லோ, இரைச்சல் இருந்த இடத்தில் பெரிய முரசு. அதே வேகம், அதே சுருதி, அதே வரிசை. லூப் இரண்டு முறை ஓடி மெல்ல மறையும். எனக்கு அது பிரமாண்டமாகக் கேட்டது. கேட்டவர்களுக்கு, ஆள் அதே ஆள், சட்டை மட்டும் புதிது. இரண்டு நாள் கோபம். மூன்றாம் நாள் மூலத்தையும் என்னுடையதையும் மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்டேன். அவர்கள் சொன்னது சரி.

அப்புறம் செய்ததைச் சொல்கிறேன். மூல மெட்டு நான்கு தட்டுத் தாளத்தில் இருந்தது. அதை மூன்று தட்டுக்கு மாற்றினால் என்ன என்று பார்த்தேன். ஒவ்வொரு தாளவட்டத்திலும் ஒரு தட்டுக் குறையும், அதாவது ஏதோ ஒரு சுரம் போக வேண்டும். எதை? அந்த மெட்டில் நான்காவது தட்டுச் சுரம் அடுத்த வட்டத்தின் முதல் சுரத்தைப் பிடித்து இழுக்கிற சுரம். மெட்டு ஓடுவதுபோல் கேட்டதற்கு அதுதான் காரணம். அதை எடுத்ததும் ஓட்டம் நின்றது. அதே மெட்டு யாரையோ எதிர்பார்த்து வாசலில் நிற்பதுபோல் ஆகிவிட்டது. ஒரு சுரத்தை எடுத்ததால்! நான் சொல்ல வந்தது என்ன என்று எனக்கே தெரிந்தது அந்த இடத்தில்தான். பிறகு பேஸை மெட்டாக்கி செல்லோவிடம் கொடுத்தேன், உண்மையான மெட்டை 1:10 வரை வெளியே விடவில்லை.

ஆனால் எச்சரிக்கை. உற்சாகத்தில் மறுபக்கம் விழுந்துவிடக் கூடாது. என் இரண்டாவது வடிவமும் திரும்பியது, இந்த முறை மூலம் எங்கே என்று தெரியவில்லை என்பதற்காக. மூல மெட்டு மொத்த நேரத்தில் பாதிக்கு மேலாவது இருக்கிறதா என்று ஸ்டாப்வாட்ச் வைத்துப் பார்க்கிற நடுவர்கள் உண்டு. அதனால் ஒரு தாளில் கோடு போட்டு, இடப்பக்கம் உங்கள் ஆக்கத்தின் நேரமும் வலப்பக்கம் மூலத்தின் எந்தப் பகுதி என்பதும் எழுதுங்கள். வலப்பக்கம் முழுக்க வரிசை மாறாமல் இருந்தால் நெருக்கம் அதிகம். நிறைய வெற்றிடம் இருந்தால் தூரம் அதிகம். மூன்றாவது முறை என்னுடையது தேறியது. முதல் முறை அனுப்பியதிலிருந்து பதினான்கு மாதம்.

மூலத்தை மதிப்பது தவறில்லை. அதில் எது உங்களைத் தொட்டதோ அதை மதியுங்கள். மற்றது மாறலாம்.

மற்றவர்களின் ஆக்கங்களைக் கேட்கிறேன், ஆனால் கருத்துச் சொல்ல வரவில்லை. "சூப்பர்" என்பதைத் தாண்டி ஒரு வார்த்தை எழுத முடியவில்லை. பேசாமல் கேட்டுக்கொண்டே இருந்தால் போதாதா?

போதாது. இதை உரிமையோடு சொல்கிறேன். நான் முதன்முதலில் ஒரு பாதி முடிந்த ஆக்கத்தைப் பகிர்ந்து, கருத்துச் சொல்லுங்கள் என்று கேட்டேன். பதினொரு நாள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கு வருத்தம். அப்புறம் யோசித்துப் பார்த்தால், நான் அதுவரை ஒருவருடைய ஆக்கத்தைப் பற்றியும் ஒரு சொல் சொன்னதில்லை. எல்லாரும் அலுவலகமும் படிப்பும் முடிந்து வந்து உட்காருகிறவர்கள். அவர்களிடம் இருப்பது இரவில் ஒரு மணி நேரமும் இரண்டு காதும்தான். அதைத்தான் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொள்கிறோம்.

அன்றிலிருந்து வாரம் இரண்டு ஆக்கம் என்று வைத்துக்கொண்டேன். ஆறு மாதத்தில் மாறியது என் காதுதான். இன்னொருவரின் பாட்டில் பேஸும் கிக் டிரம்மும் ஒரே இடத்தில் முட்டிக்கொள்வதை நான்கு முறை கண்டுபிடித்த பிறகு, ஐந்தாவது முறை என் பாட்டிலேயே அது கேட்டது. எந்தப் பாடமும் எனக்கு இவ்வளவு கற்றுத்தரவில்லை.

எப்படி எழுதுவது? முதல் முறை ஒன்றும் செய்யாமல் கேளுங்கள். அடுத்து, மூல மெட்டை ஒரு முறை கேட்டுவிட்டு வாருங்கள். இதைப் பலர் செய்வதில்லை, செய்யாமல் சொல்லும் கருத்து பாதிக் கருத்துதான். பிறகு நேரத்தைக் குறித்துக்கொண்டு கேளுங்கள். காரணம் தெரிய வேண்டியதில்லை. "1:42-இல் பாட்டு திடீரென்று சுருங்கினதுபோல் இருந்தது" என்று எழுதினாலே போதும், செய்தவருக்கு உடனே புரியும்: ஆ, அங்கேதான் கிதாரின் எதிரொலியை நிறுத்தினேன் என்று. நீங்களாக இருந்தால் எப்படிச் செய்திருப்பீர்கள் என்று எழுதத் தேவையில்லை, அது அவருடைய பாட்டு.

முக்கியமான ஒன்று. எது நன்றாக இருக்கிறதோ அதையும் நேரத்தோடு எழுதுங்கள். இது உபசாரத்துக்காக இல்லை. செய்தவருக்குத் தன் பாட்டில் எது நல்ல இடம் என்று தெரியாது. இருநூறு முறை கேட்டுச் சலித்துப்போய், அந்த நல்ல இடத்தையே வெட்டிவிடுவார். கண்ணெதிரே இப்படிப் போன அழகான இடங்களை எனக்குத் தெரியும்.

மெட்டு அடுத்தவருடையது. சட்டச் சிக்கல் வராதா?

வரலாம். மெட்டுக்கு உரிமையாளர் உண்டு, அதை மாற்றி அமைப்பதும் அந்த உரிமைக்குள் வரும். இலவசமாகக் கொடுக்கிறோம் என்பதால் மட்டும் அனுமதி தேவையில்லை என்று ஆகிவிடாது. நாட்டுக்கு நாடு சட்டம் வேறு, நிறுவனத்துக்கு நிறுவனம் போக்கும் வேறு. சிலர் ரசிகர்களின் வேலையைக் கண்டுகொள்வதில்லை, சிலர் உடனே நீக்கச் சொல்வார்கள். விற்பதாக இருந்தால் உரிமம் வாங்காமல் இறங்காதீர்கள். வீடியோவோடு சேர்த்து வெளியிடுவதற்குப் பெரும்பாலும் தனி அனுமதி வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

முறையாகச் செய்ததற்கு முன்னுதாரணங்கள் இருக்கின்றன. கேப்காம் 2008-இல் வெளியிட்ட சூப்பர் ஸ்ட்ரீட் ஃபைட்டர் 2 டர்போ எச்டி ரீமிக்ஸ் கேமுக்கு இசையை மறு ஆக்கம் செய்தவர்கள் ஓவர்கிளாக்டு ரீமிக்ஸ்காரர்கள்தான். ஃபைனல் ஃபேன்டஸி 6-இன் இசைக்கு 2013-இல் அவர்கள் வெளியிட்ட தொகுப்பில் 74 ஆக்கங்கள். அதற்குப் பொதுமக்களிடம் நிதி திரட்டியபோது ஸ்கொயர் எனிக்ஸ் நிறுவனத்தோடு உரிமம் பேசி முடித்தார்கள்.

எந்தத் தலைவலியும் வேண்டாம் என்றால், கேமுக்கு முன்பே இருந்த நாட்டுப்பாடல்களை எடுக்கலாம். 1989-இல் கேம் பாய் என்ற கையடக்கக் கருவியில் வந்த டெட்ரிஸ் கேமின் பிரபலமான மெட்டு ரஷ்ய நாட்டுப்பாடல். அதன் வரிகள் நெக்ராசோவ் 1861-இல் எழுதிய கவிதையிலிருந்து வந்தவை. அங்கேயும் கேமுக்காகச் செய்த அமைப்பை விட்டுவிட்டு, பழைய பாடலுக்கே போங்கள்.

வேறொரு நாட்டில் உள்ள கிதார் வாசிப்பவரோடு சேர்ந்து செய்யலாம் என்று இருக்கிறேன். நேரில் பார்த்ததில்லை. என்னவெல்லாம் கவனிக்க வேண்டும்?

நேரில் பார்க்காதது ஒரு குறையே இல்லை. பத்து வருடமாக என்னோடு வாசிக்கும் ஒருவரின் முகம் எனக்குத் தெரியாது. அவர் சுரத்தை எப்போது இழுப்பார், எப்போது விடுவார் என்பது தெரியும்.

ஆனால் கோப்பு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். ஒரு முறை எனக்கு வந்த கிதார் பதிவை என் மென்பொருளில் வைத்தேன். சுருதி சேரவில்லை. ஒரு அரைச்சுரம் தள்ளி என்றால் புரிந்துகொள்ளலாம். இது ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் கீழே, எந்தக் கட்டையிலும் உட்காராத இடத்தில். மூன்றாவது வட்டத்துக்குள் தாளமும் பின்தங்கியது. தவறான தந்தியிறுக்கத்தில் வாசித்துவிட்டார் என்று நினைத்து, மறுபடி பதிவு செய்யச் சொன்னேன். பாவம், அவரும் ஒரு இரவு முழுக்க உட்கார்ந்து மறுபடி வாசித்து அனுப்பினார். அதுவும் அதே மாதிரி! கடைசியில் பார்த்தால் அவர் பதிவு செய்தது 48 கிலோஹெர்ட்ஸில், அதாவது நொடிக்கு 48,000 சாம்பிள்கள் எடுத்து. என் மென்பொருள் அதை 44.1 என்று நினைத்து ஓட்டியிருக்கிறது. மெதுவாகவும் கீழேயும் போனதற்கு அதுதான் காரணம். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்த முதல் பதிவைத்தான் பயன்படுத்தினோம், அதுதான் அழகாக இருந்தது.

அதனால் முதல் நாளே நான்கு விஷயம் பேசிக்கொள்ளுங்கள்: சாம்பிள் அளவு, வேகம், சுருதி, கோப்பின் தொடக்கம். ஒவ்வொரு கோப்பும், வாத்தியம் நடுவில்தான் வருகிறது என்றாலும், பாட்டின் முதல் நொடியிலிருந்தே தொடங்கட்டும். முன்னால் வெறும் மௌனம் இருந்தால் பரவாயில்லை. ஒலியைச் சுருக்கும் எம்பி3 வேண்டாம், சுருக்காத வேவ் கோப்பு அனுப்பச் சொல்லுங்கள். கிதார்காரர் என்பதால் இன்னொன்று: ஆம்ப் (ஒலிபெருக்கி) ஒலியோடு ஒரு பதிவும், எதுவும் சேர்க்காத வெறும் பதிவு ஒன்றும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

யாருடைய பெயர் முதலில் வரும் என்பதையும் தொடக்கத்திலேயே பேசிவிடுங்கள். கடைசியில் பேசினால் கசக்கும்.

போட்டிகளில் கலந்துகொள்வது நல்லதா?

நல்லது, கெடு இருப்பதால். ட்வெல்லிங் ஆஃப் டூயல்ஸ் என்று மாதந்தோறும் நடப்பது ஒன்று. ஏதாவது ஒரு வாத்தியத்தையாவது நிஜமாக வாசித்துப் பதிவு செய்ய வேண்டும். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பாட்டை முடிக்கிற சின்னப் போட்டிகளும் உண்டு. முதல் முறை உங்கள் ஆக்கம் கடைசி இடத்தில் வந்தாலும் கவலை வேண்டாம். முடிக்கப் பழகுவீர்கள். வருடக்கணக்காக ஒரே பாட்டைத் தேய்த்துக்கொண்டிருப்பவர்களை எனக்குத் தெரியும், அவர்களுக்கு இது நல்ல மருந்து.

இதையே தொழிலாக்க முடியுமா?

சிலர் ஆக்கியிருக்கிறார்கள். சோனிக் கேம்களின் மெட்டுகளை மறு ஆக்கம் செய்து வெளியிட்டுக்கொண்டிருந்த டீ லோப்ஸ், 2017-இல் சோனிக் மேனியா கேமுக்கே இசையமைத்தார். ஷவல் நைட் (2014) கேமுக்கு இசையமைத்த ஜேக் காஃப்மன், ரீமிக்ஸ்காரர்களுக்கென்று விஜிமிக்ஸ் என்ற தளத்தை நடத்தியவர். சூப்பர் மீட் பாய் (2010) கேமுக்கு இசையமைத்த டேனி பரனோவ்ஸ்கியும் ஓவர்கிளாக்டு ரீமிக்ஸில் இருந்தவர்தான். ஆனால் என்னோடு தொடங்கியவர்களில் பெரும்பாலோர் வேறு வேலை பார்த்துக்கொண்டு இதைச் செய்கிறார்கள், நானும் அப்படித்தான். வேலையை விட்டுவிட்டு இதில் குதிக்கச் சொல்ல எனக்கு மனம் வராது.

எதிர்த்திசையிலும் நடந்திருக்கிறது. டாங்கி காங் கன்ட்ரி 2 கேமின் இசைக்கு ரசிகர்கள் 2010-இல் ஒரு தொகுப்பு வெளியிட்டபோது, மூல இசையமைப்பாளர் டேவிட் வைஸே தன் மெட்டை மறு ஆக்கம் செய்து அதில் சேர்ந்துகொண்டார். அந்தச் செய்தியைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நாங்கள் கேட்டுக்கொண்டிருந்ததை அவரும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

ஏஐ மென்பொருளிடம் மெட்டைக் கொடுத்தால் அரை நிமிடத்தில் ரீமிக்ஸ் வந்துவிடுகிறது. அதை அனுப்பலாமா?

வேண்டாம். 1:10-இல் ஏன் மெட்டை நிறுத்தினீர்கள் என்று ஒருவர் கேட்டால் என்ன பதில் சொல்வீர்கள்? இங்கே நடக்கிற பேச்சே அதைப் பற்றித்தான். வெறும் பாட்டு வேண்டும் என்றால் உலகத்தில் ஏற்கெனவே நிறைய இருக்கிறது.

அக்கா, எனக்கு 17 வயது. என் முதல் ரீமிக்ஸை இணைத்திருக்கிறேன். ஒரு பழைய சூப்பர் நிண்டெண்டோ கேமின் நீருக்கடியில் வரும் கட்டத்தின் மெட்டு. புல்லாங்குழல் நானே வாசித்தேன். நண்பர்கள் அருமை என்கிறார்கள். ஏதோ குறைகிறது என்று எனக்குத் தோன்றுகிறது, என்னவென்று தெரியவில்லை. மைக் நல்லதில்லை, இரைச்சலை எல்லாம் துடைத்துவிட்டுத்தான் வெளியிடலாம் என்று இருக்கிறேன்.

தம்பி, நான்கு முறை கேட்டேன். ஹெட்போனில் மூன்று முறை, கணினியின் சின்ன ஸ்பீக்கரில் ஒரு முறை. இடையில் மூலத்தையும் கேட்டேன்.

ஏதோ குறைகிறது என்று உங்களுக்குத் தோன்றியது சரிதான். முதல் 38 நொடி அழகு. மூலத்தில் மணியோசைபோல் வரும் பின்னணியை எடுத்துவிட்டு, அந்த இடத்தைக் குழலின் நீண்ட சுரத்துக்குக் கொடுத்திருக்கிறீர்கள். மேலே வெளிச்சம் தெரிகிற ஆழம் அது. ஆனால் 0:39-இல் டிரம்ஸ் வந்ததும் 2:30 வரை நிற்கவே இல்லை. ஒரே அடி, ஒரே சத்தம். தண்ணீருக்குள் நடப்பவனை ஓடச் சொல்கிறது. 1:20 முதல் 1:50 வரை டிரம்ஸை முழுவதும் எடுத்துவிட்டுக் கேட்டுப் பாருங்கள். பயமாக இருக்கும், வெறுமையாக இருப்பதுபோல் தோன்றும். மூன்று நாள் அப்படியே விட்டுவிட்டு மறுபடி கேளுங்கள்.

சின்ன ஸ்பீக்கரில் பேஸ் காணாமல் போகிறது. நீங்கள் வைத்திருப்பது மிகக் கீழே உள்ள ஒலி மட்டும். அதே பேஸை ஒரு ஸ்தாயி மேலே இன்னொரு தடமாக, தணிந்த சத்தத்தில் சேர்த்தால் போதும்.

2:05-இல் மெட்டு இரண்டாம் முறை வரும்போது கடைசி மூன்று சுரங்களை மாற்றியிருக்கிறீர்கள். மூலம் மேலே போகும் இடத்தில் நீங்கள் கீழே இறங்குகிறீர்கள். தெரிந்து செய்தீர்களா, தவறி விழுந்ததா? எதுவானாலும் இன்னும் ஒரு முறை, பாட்டின் முடிவுக்குப் பக்கத்தில் அதைக் கொண்டுவாருங்கள். இந்தப் பாட்டில் முழுக்க முழுக்க உங்களுடையது அந்த மூன்று சுரங்கள்.

இரைச்சலைத் துடைப்பது பற்றி. மின்விசிறிச் சத்தம் தொடக்கத்தில் லேசாக இருக்கிறது, அதைக் குறைக்கலாம். ஆனால் முழுப் பாட்டுக்கும் மென்பொருளை ஓட்டிவிடாதீர்கள். 2:51-இல், கடைசி நீண்ட சுரத்துக்கு முன்னால், நீங்கள் மூச்சை உள்ளே இழுப்பது மைக்கில் விழுந்திருக்கிறது. இரண்டரை நிமிடம் தண்ணீருக்கடியில் இருந்தவன் மேலே வந்து இழுக்கிற மூச்சு அது. அதைத் தொடாதீர்கள்.